சீட்டு நோட்டைக் காட்டிக்கொடுத்தவன்

விமான நிலையத்தில் மனைவி பிரிந்து போகிறாள். போகிற போக்கில் கணவன் கையில் ஒரு தாளைத் திணிக்கிறாள். அவன் எப்பேர்ப்பட்டவன் என்று அவள் எழுதிவைத்திருந்த பட்டியல் அது. அப்பா பிள்ளை என்று ஒரு வரி. அந்நியன் என்று ஒரு வரி. துரோகி, ஒற்றன் என்று போய் முடிகிறது. இவன் அதைப் படித்துவிட்டு அழவில்லை, அவளைத் துரத்திக்கொண்டு ஓடவில்லை. நகல் எடுக்கிறான். நகல்களைப் பத்திரப்படுத்திக்கொண்டு மூலத்தை அழித்துவிடுகிறான்.

சாங்-ரே லீயின் முதல் நாவல் ‘நேட்டிவ் ஸ்பீக்கர்’ இப்படித் தொடங்குகிறது. 1995-ல் வந்தது, முதல் புனைவு நூலுக்கான பென்/ஹெமிங்வே விருது அதற்குக் கிடைத்தது. ஆசிரியர் சியோலில் பிறந்து மூன்று வயதில் பெற்றோருடன் அமெரிக்கா போனவர். யேல் பல்கலைக்கழகத்தில் படித்து, வால் ஸ்ட்ரீட்டில் ஒரு வருடம் வேலை பார்த்து, அது ஒத்துவராமல் எழுத வந்தவர். அமெரிக்கக் கல்லூரிகளில் இந்த நாவலை ‘அடையாளச் சிக்கல்’ வகுப்புக்கு நேர்ந்துவிட்டார்கள். இரண்டு பண்பாட்டுக்கு நடுவில் தத்தளிக்கும் மனிதன், அப்பனுக்கும் மகனுக்கும் நடுவில் விழுந்த மொழிச்சுவர், இத்யாதி. அதெல்லாம் நாவலில் இருக்கிறது, பொய்யில்லை. ஆனால் நம் ஊர்த் தெருவில் வளர்ந்த ஒருவர் இதைக் கையில் எடுத்தால் முதலில் கண்ணில் படுவது வேறு. இது ஒரு சீட்டுக் கதை. சீட்டு பிடித்த ஒருவரைப் பற்றியும், அந்த நோட்டை வெளியாளிடம் கொடுத்துவிட்ட ஒருவனைப் பற்றியும்.

சீட்டு எப்படி நியூயார்க் வரைக்கும் போனது என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

1924-ல் அமெரிக்கா கொண்டுவந்த குடியேற்றச் சட்டம் ஆசியர்களுக்குக் கதவைக் கிட்டத்தட்ட முழுவதுமாக அடைத்திருந்தது. அதைத் திறந்தது 1965-ன் ஹார்ட்-செல்லர் சட்டம். அக்டோபர் 3 அன்று சுதந்திர தேவி சிலைக்குக் கீழே உட்கார்ந்து ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் கையெழுத்துப் போட்டார். சாங்-ரே லீ பிறந்ததும் அதே வருடம்தான். புதிய சட்டத்தால், எந்த நாட்டில் பிறந்தவர் என்பதைவிட என்ன படித்தவர், யாருக்கு உறவு என்பது முக்கியமாகிவிட்டது. விளைவு, 1970-ல் ஏறத்தாழ 70,000 பேராக இருந்த கொரிய அமெரிக்கர்கள் 1990-ல் ஏறத்தாழ 8 லட்சம் ஆனார்கள்.

வந்தவர்களில் ஏகப்பட்ட பேர் பட்டதாரிகள். இன்ஜினியர், மருந்தாளுநர், வாத்தியார். சியோலில் வாங்கிய பட்டம் நியூயார்க்கில் செல்லுபடியாகவில்லை, ஆங்கிலமும் கைகொடுக்கவில்லை. அதே சமயத்தில் நகரத்தின் காய்கறிக் கடைகளை நடத்திவந்த யூத, இத்தாலியக் குடும்பங்களில் பெரியவர்களுக்கு வயதாகிவிட்டது, பிள்ளைகள் டாக்டராகவும் வக்கீலாகவும் போய்விட்டார்கள். காலியான கல்லாவில் கொரியர்கள் உட்கார்ந்தார்கள். நடுராத்திரி எழுந்து பிராங்ஸில் இருக்கும் ஹண்ட்ஸ் பாயின்ட் மொத்த மார்க்கெட்டுக்கு வண்டி ஓட்டிப்போய்ச் சரக்கு எடுப்பது, விடிவதற்குள் திரும்பி ஆப்பிளைத் துடைத்து அடுக்குவது, ராத்திரி வரைக்கும் கடை. பொண்டாட்டி, மச்சான், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை எல்லாரும் சம்பளமில்லாத ஆட்கள். கோயம்பேட்டில் விடியற்காலை மூன்று மணிக்குப் பேரம் பேசிவிட்டுக் கடை திறக்கிற குடும்பத்துக்கு இந்தக் கடிகாரம் பழக்கமானதுதான்.

நாவலின் நாயகன் ஹென்றி பார்க்கின் அப்பா அப்படிப்பட்ட ஒரு இன்ஜினியர். கொரியாவில் பெரிய படிப்பு. மன்ஹாட்டனில் காய்கறிக் கடை. ஒரு கடை பல கடையாகிறது, புறநகரில் பெரிய வீடு வருகிறது. வெள்ளைக்காரர்கள் நிறைந்த பகுதியில் கடை. மகன் லீவு நாட்களில் உதவிக்கு நிற்கும்போது அப்பா அவன் காதில் சொல்கிறார்: பெரிய இடத்து அம்மாக்கள் வருகிறார்கள், நீ ஷேக்ஸ்பியரிலிருந்து ரெண்டு வார்த்தை எடுத்துவிடு. வியாபாரத்துக்கு நல்லதாம். மகனோ பிடிவாதமாகக் கொரிய மொழியில் முணுமுணுத்துக்கொண்டு காய் அடுக்குகிறான். அப்பா தன் ஆங்கிலக் குறையை மகன் வாயால் நிரப்பப் பார்க்கிறார், மகன் அதே வாயால் அவரைப் பழிவாங்குகிறான். இங்கிலீஷ் மீடியத்தில் பிள்ளையைச் சேர்த்துவிட்டு, வந்த விருந்தாளி முன்னால் ‘ரைம்ஸ் சொல்லும்மா’ என்று நிறுத்திவைக்கிற காட்சி நமக்குப் புதிதா என்ன?

அப்பாவிடம் ஒரு கதை இருக்கிறது. கேட்கிற அமெரிக்கர்கள் எல்லாரிடமும் அதைச் சொல்வார். கையில் சொற்பக் காசோடு வந்தேன், மனைவியும் குழந்தையும் நானும் உழைத்தோம், உயர்ந்தோம். கேட்கிறவர்களுக்கு உச்சி குளிர்ந்துவிடும். அந்த நாடு தன்னைப் பற்றிக் கேட்க விரும்புகிற கதை அது. ஆனால் அவருக்கு முதலீடு வந்தது சீட்டிலிருந்து. கொரிய மொழியில் ‘கெ’ என்பார்கள். தன்னைப்போலவே வந்து இறங்கிய நண்பர்கள் சேர்ந்து போட்ட சீட்டு. அதை எடுத்துத்தான் முதல் கடை. இதை மட்டும் அவர் யாரிடமும் சொல்வதில்லை.

சீட்டு என்றால் என்ன என்று நமக்கு விளக்க வேண்டாம். இருபது பேர் மாதம் ஆயிரம் டாலர் கட்டினால் முதல் மாதமே ஒருவர் கையில் இருபதாயிரம். வங்கி ஏறெடுத்துப் பார்க்காத ஆளுக்குக் கடை அட்வான்ஸ் கொடுக்க அது போதும். அடமானம் கிடையாது. பத்திரம் கிடையாது. எடுத்தவன் ஓடிப்போகமாட்டான் என்ற நம்பிக்கை ஒன்றுதான் ஈடு. ஓடினால் அதற்கப்புறம் சர்ச்சில், கல்யாணத்தில், மளிகைக் கடையில் முகம் காட்ட முடியாது என்ற பயம் அதற்கு மேல் ஒரு ஈடு. மெக்சிகர்கள் இதைத் ‘தண்டா’ என்கிறார்கள் (தமிழ்க் காதுக்கு அபசகுனமாகக் கேட்டாலும்), கரீபியத் தீவுக்காரர்கள் ‘சூசூ’ என்கிறார்கள். தமிழ்நாட்டில் 1961-லேயே சீட்டுக்கென்று தனிச் சட்டம் வந்துவிட்டது, 1982-ல் மத்தியச் சட்டமும் வந்தது. பதிவு செய்யாத சீட்டு குற்றம். இருந்தும் எந்தத் தெருவிலாவது ஒரு சீட்டுக்காரம்மா இல்லாமல் இருக்கிறாரா? நீள நோட்டு, ரப்பர் பேண்டு, மாசம் ஐந்தாம் தேதி. அந்த நோட்டைப் போலீஸ் எடுத்துப் பார்த்தால் ஒரு வழக்கு. தெருவில் இருக்கிறவர் பார்த்தால் யார் வீட்டில் கல்யாணம், யார் வீட்டில் ஆபரேஷன் என்ற சரித்திரம்.

வசதி வந்தபிறகு ஹென்றியின் அப்பா அந்த நண்பர்களைச் சந்திப்பதும் நின்றுபோகிறது. ஒரு காலத்தில் குடும்பம் குடும்பமாகக் கூடிச் சாப்பிட்டவர்கள் ஒவ்வொருவராகக் கரைந்துபோகிறார்கள். யாரோடும் சண்டை இல்லை. பணம் வந்தது, தேவை போனது, அவ்வளவுதான். நாவலில் ஊழல் என்று பேச ஆரம்பித்தால் நான் இங்கிருந்துதான் ஆரம்பிப்பேன். கூட்டாகப் பெற்றதைத் தனியாகச் சம்பாதித்ததாகச் சொல்வது. மகன் பின்னால் செய்யப்போகும் பெரிய காரியத்துக்கு இது வீட்டுக்குள் நடந்த ஒத்திகை.

வீட்டுக்குள் இன்னொன்றும் நடக்கிறது. ஹென்றிக்குப் பத்து வயதாகும்போது அம்மா புற்றுநோயில் இறந்துபோகிறார். அப்பா கொரியாவிலிருந்து ஒரு பெண்ணை வரவழைத்துச் சமையலுக்கும் வீட்டு வேலைக்கும் வைக்கிறார். அந்த அம்மாள் பல வருடம் அந்த வீட்டிலேயே இருந்து அவனை வளர்த்தெடுக்கிறார். கல்யாணத்துக்குப் பிறகு மனைவி லீலியா ஒருநாள் சாதாரணமாகக் கேட்கிறாள்: அவர் பெயர் என்ன? ஹென்றிக்குத் தெரியவில்லை. அவன் என்றைக்கும் ‘அஜும்மா’ என்றே கூப்பிட்டிருக்கிறான். கொரிய சீரியல் பார்க்கிறவர்களுக்குத் தெரிந்த சொல்தான். அம்மா வயதுள்ள, உறவில்லாத பெண்ணைக் கூப்பிடுவது. லீலியா அதிர்ந்துபோகிறாள். வளர்த்தவளுடைய பெயர் தெரியாதா? அவள் தானே போய்ப் பேசிப் பார்க்கிறாள், நட்பாகப் பழகப் பார்க்கிறாள். அஜும்மாவோ முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

ஹென்றி சொல்ல வருவது அவளுக்குப் புரிவதில்லை. கொரிய வழக்கில் பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது மரியாதைக் குறைவு. முறை சொல்லித்தான் கூப்பிடவேண்டும். இந்த இடத்தில் தமிழ் வாசகர் சட்டென்று ஹென்றி பக்கம் சாய்ந்துவிடுவார். நானும் சாய்ந்தேன். பிறகு எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வந்த ஆயா நினைவுக்கு வந்தார். பதினாலு வருடம் வந்தார். ரேஷன் கார்டில் முகவரி மாற்ற ஒரு மனு எழுதித் தரச் சொல்லி என்னிடம் வந்தபோதுதான் ‘பேரு என்ன ஆயா?’ என்று கேட்டேன். முறைப்பெயர் மரியாதைதான். அதே முறைப்பெயர், ஒருவரைப் பற்றி எதையும் தெரிந்துகொள்ளாமல் காலம் தள்ளுவதற்கும் உதவுகிறது. நாவல் இரண்டு பக்கமும் தீர்ப்பு சொல்லாமல் அந்தக் காட்சியை அப்படியே விட்டுவிடுகிறது. அது நல்ல எழுத்தாளனின் அடக்கம்.

ஹென்றி செய்யும் வேலை ஒற்று. அரசாங்க ஒற்று இல்லை, தனியார் கம்பெனி. டென்னிஸ் ஹோக்லண்ட் என்பவர் நடத்துவது. அங்கே வேலை பார்க்கிறவர்கள் பெரும்பாலும் குடியேறிகள் அல்லது அவர்கள் பிள்ளைகள். தங்கள் இனத்தாரிடமே அனுப்பப்படுகிறார்கள். கொரியனை வேவு பார்க்கக் கொரியன். துப்பாக்கி, துரத்தல் எதுவும் கிடையாது. பழகவேண்டும், கவனிக்கவேண்டும், தினமும் அறிக்கை எழுதவேண்டும். வாடிக்கையாளர் யார் என்று எழுதுகிறவனுக்குத் தெளிவாகச் சொல்லப்படுவதில்லை. கடைசியாகப் போன வேலையில் ஒரு பிலிப்பினோ மனநல மருத்துவரிடம் நோயாளியாகப் போய் உட்கார்ந்தவன், நடிக்கவேண்டியதை மறந்து உண்மையிலேயே தன் துக்கத்தைக் கொட்டிவிட்டான். அவனுக்கு அப்படி ஒரு துக்கம் இருக்கிறது: ஏழு வயது மகன் மிட், பிறந்தநாள் அன்று விளையாட்டாகப் பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து குவிந்ததில் அடியில் சிக்கி மூச்சு முட்டி இறந்துபோனான். (ஆசிரியரின் அப்பா மனநல மருத்துவர். காய்கறிக் கடைக்காரர் இல்லை. இதைத் தன்வரலாறு என்று எடுத்துக்கொள்கிறவர்கள் கவனிக்கவேண்டியது.)

உளவுக் கதை என்ற சட்டகம் இந்த நாவலுக்குப் பொருந்தவில்லை என்று குறை சொன்னவர்கள் உண்டு. எனக்கும் அந்தக் கம்பெனி காகிதத்தில் செய்தது மாதிரிதான் தெரிகிறது. அதன் வரவு செலவு எப்படி நடக்கும் என்று யோசித்தால் நிற்காது. ஆனால் ஒற்றன் என்ற உருவகம் பிசகாமல் உட்கார்கிறது. குடியேறி வீட்டுப் பிள்ளை சின்ன வயசிலேயே கற்றுக்கொள்வது ஒற்று வேலையைத்தான். வெளியே அவர்கள் எப்படிச் சிரிக்கிறார்கள், எப்படிக் கரண்டி பிடிக்கிறார்கள் என்று பார்த்துவைத்துக்கொள்வது. உள்ளே வந்து வேறு ஆளாக மாறுவது. யாரும் ஒன்றும் கவனிக்காதபடி நடமாடுவது. எல் பாசோ நகரத்தில் ஒரு விருந்தில் ஹென்றியை முதன்முதலாகச் சந்திக்கும்போதே லீலியா கண்டுபிடித்துவிடுகிறாள். அவள் பேச்சுப் பயிற்சி கொடுப்பவள். குழந்தைகளுக்கு உச்சரிப்புச் சொல்லித்தருவதே தொழில். உன் ஆங்கிலத்தில் தப்பே இல்லை, ஆனால் நீ பேசும்போது உன்னையே கேட்டுக்கொண்டிருக்கிறாய் என்கிறாள். அவள் பெயரே அவனுக்குப் பரீட்சை. கொரிய எழுத்தில் ரகரத்துக்கும் லகரத்துக்கும் ஒரே குறி. ‘லீலியா’ என்று சொல்லும்போது ஒவ்வொரு லகரத்தையும் அவன் எடைபோட்டு வைக்கிறான். நாவலின் தலைப்பு, தாய்மொழியாகப் பேசுகிறவன் என்பது, இங்கேதான் கசக்கத் தொடங்குகிறது.

அடுத்த வேலை ஜான் குவாங். குவீன்ஸ் பகுதியின் நகரசபைக் கவுன்சிலர், கொரியர், மேயர் பதவிக்குப் போட்டியிடப்போகிறார் என்ற பேச்சு. ஃப்ளஷிங்கில் அலுவலகம். 7-ஆம் எண் ரயில் கடைசியில் போய் நிற்கும் இடம். கொரியர், சீனர், இந்தியர், கொலம்பியர் எல்லாரும் தோளோடு தோள் உரசிக்கொண்டு வாழ்கிற பகுதி. ஹென்றி அங்கே தொண்டனாகச் சேர்கிறான். போகப்போகக் குவாங் அவனுக்கு இன்னொரு அப்பா மாதிரி ஆகிவிடுகிறார். அப்பாவுக்கு இல்லாத ஆங்கிலம் இவருக்கு இருக்கிறது. மேடையில் நின்றால் கூட்டம் கட்டுப்படுகிறது.

குவாங் நிற்கும் மேடைகளுக்குப் பின்னால் நிஜமான நெருப்பு இருந்தது. 1990 ஜனவரியில் ப்ரூக்ளின் ஃப்ளாட்புஷ் பகுதியில் ஒரு கொரியக் கடையில் ஹைட்டியைச் சேர்ந்த பெண் ஒருவருக்கும் கடைக்காரர்களுக்கும் நடந்த தகராறு, கறுப்பின மக்கள் கடையைப் புறக்கணிக்கும் போராட்டமாகி மாதக்கணக்கில் நீண்டது. நகரத்தின் முதல் கறுப்பின மேயர் டேவிட் டின்கின்ஸ் அந்த செப்டம்பரில் தானே கடைக்குப் போய்ச் சாமான் வாங்கிக் காட்டவேண்டி வந்தது. 1992 ஏப்ரல் 29 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் கலவரம் மூண்டு, 2,000-க்கும் மேற்பட்ட கொரியக் கடைகள் சேதமாயின. கொரியர்கள் இன்றும் அந்தத் தேதியைச் ‘சா-இ-கு’, நாலு-இரண்டு-ஒன்பது, என்றே சொல்கிறார்கள். நாவலில் குவாங் கறுப்பின மக்கள் நிறைந்த கூட்டத்தில் நின்று, ஜப்பான் ஆட்சியில் கொரியர்கள் தங்கள் மொழியைப் பேசவிடாமல் தடுக்கப்பட்டதைச் சொல்லி, உங்கள் துக்கமும் எங்கள் துக்கமும் ஒரே ஜாதி என்கிற பொருளில் பேசுகிறார். எழுதப்பட்ட காலத்தில் அப்படிப் பேச ஒரு ஆசியர் நியூயார்க் நகரசபையில் இல்லவே இல்லை. ஃப்ளஷிங்கின் அன்றைய கவுன்சிலர் 1996-ல் ஒரு பேட்டியில், ஆசியர்கள் வந்தது கலந்துபோவது மாதிரி இல்லை, படையெடுப்பு மாதிரி இருக்கிறது என்று சொல்லி வாங்கிக்கட்டிக்கொண்டார். சாங்-ரே லீ கற்பனையாக ஒரு நாற்காலி போட்டு, அதில் ஒரு கொரியரை உட்காரவைத்தார்.

அந்த நாற்காலிக்குக் கீழேதான் சீட்டு இருக்கிறது. குவாங் ஒரு பெரிய ‘கெ’ நடத்துகிறார். கொரியர்களோடு நிற்காமல் எல்லாருக்குமாகத் திறந்துவிட்ட சீட்டு. பத்து டாலர், ஐம்பது டாலர் என்று சில்லறை சில்லறையாக மக்கள் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். கட்டியவர்களில் யாருக்குத் தேவையோ அவர்களுக்கு அவர் எடுத்துக் கொடுக்கிறார். கட்டுகிறவர் பெயர், குடும்பம், தொகை எல்லாம் பட்டியலாக இருக்கிறது. எடுவார்டோ என்ற டொமினிக்க இளைஞன்தான் அதைப் பார்த்துக்கொள்கிறான். குவாங்கின் அலுவலகத்தில் குண்டு வெடித்து அவனும் ஒரு துப்புரவுப் பெண்மணியும் சாகிறார்கள். பட்டியல் ஹென்றி கைக்கு வருகிறது.

ராத்திரி ராத்திரியாக அவன் அந்தப் பெயர்களோடு உட்கார்ந்திருக்கிறான். அப்பாவின் பழைய நண்பர்கள் அதில் இருப்பதுபோலத் தோன்றுகிறது. இதே மாதிரி ஒரு பட்டியலில்தான் ஒரு காலத்தில் அப்பாவின் பெயரும் இருந்திருக்கும். குவாங் அவனை நம்பி அதைக் கொடுக்கிறார். அவன் ஹோக்லண்டிடம் ஒப்படைக்கிறான். அங்கிருந்து குடியேற்றத் துறைக்குப் போகிறது. பட்டியலில் குடியேற்றக் காகிதம் இல்லாதவர்கள் யார் யார் என்று பார்த்து, வீடு வீடாக வந்து பிடித்துப்போகிறார்கள். பேப்பர்களுக்கு அது கவுன்சிலரின் சட்டவிரோதப் பணச்சங்கிலி. குவாங்கின் வீட்டு வாசலில், அந்நியரே வெளியேறு என்று கோஷம் போடுகிற கூட்டம்.

ஆக, ஒளிந்திருந்த ஊழல் எது? செய்தித்தாளைக் கேட்டால் சீட்டு என்று சொல்லும். தெருவில் சீட்டு கட்டி வளர்ந்த எனக்கு அப்படிச் சொல்ல நாக்கு எழவில்லை. அதே குவீன்ஸில் 1986-ல் நடந்தது நினைவிருக்கிறவர்களுக்குச் சிரிப்புகூட வரலாம்: குவீன்ஸ் பரோவின் (நகரத்தின் நிர்வாகப் பிரிவு) தலைவர் டொனால்ட் மேனஸ், பார்க்கிங் அபராத வசூல் ஒப்பந்தங்களில் நடந்த லஞ்ச ஊழல் அம்பலமானபோது தற்கொலை செய்துகொண்டார். உள்ளூர் அரசியல் இயந்திரம் பழகிய ஆட்களின் கையில் எப்படி ஓடியது என்பதற்கு அது சாட்சி. அதன் பக்கத்தில் வைத்தால் பத்து டாலர் சீட்டு ஒன்றுமே இல்லை. அதற்காகக் குவாங்கைத் தியாகியாக்கவும் முடியாது. குண்டு வைக்கச் சொன்னவர் அவரே. எடுவார்டோ தன்னைக் காட்டிக்கொடுக்கிறான் என்று தெரிந்து செய்தது. எல்லாரும் என் குடும்பம் என்று சொல்கிற தலைவருக்கு, குடும்பத்தை விட்டு ஒருவன் வெளியே எட்டிப்பார்த்தால் பொறுக்காது. இந்த வகைப் பாசத்தை நம் ஊர் அரசியலில் பார்த்தவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. கடைசியில் குடித்துவிட்டு, கொரிய கிளப்பில் வேலை பார்க்கும் பதினாறு வயதுப் பெண்ணோடு காரில் போய் விபத்தாகி, மானம் போய், குடும்பத்தோடு கொரியாவுக்கே திரும்பிவிடுகிறார்.

சீட்டு நோட்டு கெட்ட பொருளாவது அதைத் திறந்து வாசிக்கிற கண்ணைப் பொறுத்து. உள்ளே இருக்கிறவருக்கு அது நம்பிக்கையின் கணக்கு. வெளியே போனால் பிடிக்கவேண்டியவர்களின் முகவரி. ஒரு எழுத்து மாறவில்லை, கை மட்டும் மாறியது. அந்தக் கையை மாற்றிவிட்டவன் இரண்டு மொழியும் தெரிந்த, இரண்டு பக்கமும் போய்வரத் தெரிந்த, நன்றாகப் படிக்கவைக்கப்பட்ட மகன். அப்பா கடையில் நின்று உழைத்து அவனுக்குக் கொடுத்த பிசிறில்லாத ஆங்கிலத்தில்தான் அறிக்கைகள் எழுதப்படுகின்றன.

இது வெறும் கற்பனைப் பயம் இல்லை. 1993 ஜூன் 6 அதிகாலை, ‘கோல்டன் வென்ச்சர்’ என்ற சரக்குக் கப்பல் குவீன்ஸின் ராக்அவே கடற்கரையில் தரைதட்டியது. உள்ளே சீனாவிலிருந்து கடத்திவரப்பட்ட 286 பேர். குளிர்ந்த கடலில் குதித்துக் கரைசேரப் பார்த்ததில் 10 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்களில் பலரைப் பென்சில்வேனியாவின் யார்க் நகரச் சிறையில் அடைத்தார்கள். சிலர் வெளியே வர 1997 ஆனது. இதே மாதிரி ஒரு கப்பலின் நிழல் நாவலிலும் விழுகிறது. ஹென்றி தொலைக்காட்சியில் பார்க்கிறான். கம்பளி போர்த்தி உட்கார்ந்திருக்கிற அந்த ஆட்கள்தான் நாளை ஃப்ளஷிங்கில் பத்து டாலர் சீட்டு கட்டப்போகிறவர்கள்.

குவாங்கின் சாயலில் நிஜ உலகத்திலும் ஆட்கள் உண்டு. அமெரிக்கக் காங்கிரசுக்குப் போன முதல் கொரிய அமெரிக்கர், கலிபோர்னியாவின் ஜே கிம், 1992-ல் ஜெயித்தார். 1997-ல் 2,30,000 டாலருக்கும் மேல் சட்டவிரோத நன்கொடை வாங்கியதை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அதைவிட ஆச்சரியமானது ஜான் லியு கதை. தைவானில் பிறந்து ஐந்து வயதில் வந்தவர். 2001-ல் ஃப்ளஷிங்கிலிருந்தே நகரசபைக்குத் தேர்வாகி, அங்கே போன முதல் ஆசிய அமெரிக்கர் ஆனார். நாவல் போட்ட கற்பனை நாற்காலி ஆறு வருடத்தில் நிஜமானது. 2009-ல் நகரத்தின் தலைமைக் கணக்கு அதிகாரியாகத் தேர்வு; 2013-ல் மேயர் தேர்தல். சொல்லிவைத்தாற்போலப் பட்டியலில் வந்து மாட்டிக்கொண்டார்.

நியூயார்க்கில் சின்ன நன்கொடைக்கு நகரமே ஈடுபணம் கொடுக்கும். அப்போதைய விதிப்படி ஒருவர் கொடுக்கும் தொகையில் முதல் 175 டாலருக்கு, டாலருக்கு ஆறு டாலர். 175 டாலருக்கு அருகில் ஒரு பெயர் எழுதினால் 1,050 டாலர் பொதுப்பணம் வரும். பெயருக்குத்தான் மதிப்பு என்றாகிவிட்டால் என்ன நடக்கும்? பெரிய ஆளின் பணத்தைப் பிரித்து, கொடுக்காத சின்ன ஆட்களின் பெயரில் எழுதுவது நடக்கும். லியுவின் பிரச்சாரப் பொருளாளரும் ஒரு நிதி திரட்டியவரும் இதில் 2013-ல் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. லியு மேல் வழக்கே போடப்படவில்லை. ஆனால் அந்த ஆகஸ்டில் தேர்தல் நிதி வாரியம் ஈடுபணம் தர மறுத்ததோடு அவருடைய மேயர் கனவு படுத்துவிட்டது. பிறகு மாநில செனட்டுக்குப் போனார். இங்கே பொய்ப் பெயர்களை வெளியே காட்டியதால் சிக்கல். நாவலில் நிஜப் பெயர்களை உள்ளே மறைத்ததால் சிக்கல். நாவலாசிரியருக்கே இந்தத் திருப்பம் தோன்றியிருக்காது.

2002-ல் நகரம் முழுவதும் ஒரே நாவலைப் படிக்கவைக்கலாம் என்று நியூயார்க்கில் ஒரு முயற்சி நடந்தது. ‘நேட்டிவ் ஸ்பீக்கர்’ முன்னணியில் இருந்தது. ஆசிய அமெரிக்கர்கள் மனம் புண்படுமோ என்று தேர்வுக் குழுவில் சிலர் தயங்க, குழு இரண்டுபட்டு, திட்டம் அப்படியே அமிழ்ந்துபோனது. தயங்கியவர்கள் எந்தப் பக்கத்தைப் படித்துப் பயந்தார்களோ தெரியாது. மரியாதையாக நடத்துகிறோம் என்று சொல்லி ஒருவரை ஓரமாக உட்காரவைப்பது எப்படி என்று அஜும்மா காட்சி ஏற்கெனவே சொல்லியிருந்தது.

நாவலில் எனக்கு மனம் ஒட்டாத இடங்கள் உண்டு. ஹென்றி தன்னைத் தானே அலசிக்கொண்டே போகும் பக்கங்கள் நீளம். சில வாக்கியங்கள் அழகுக்காகவே மினுக்கப்பட்டவை. அவனுடைய அப்பா மாடுமாதிரி உழைத்த கடையில் கூடவே உழைத்த லத்தீன் அமெரிக்க ஆட்களைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லியிருக்கலாம்; அவர்களுக்கும் சீட்டு இருந்திருக்கும். ஆனால் பட்டியல் கைமாறியபிறகு வரும் கடைசிப் பக்கங்களில் ஆசிரியர் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்.

ஹென்றி வேலையை விட்டுவிடுகிறான். லீலியாவோடு மறுபடி சேர்ந்து, அவள் நடத்தும் பேச்சு வகுப்பில் உதவிக்கு நிற்கிறான். எல்லாம் குடியேறி வீட்டுக் குழந்தைகள். ஆங்கிலம் இன்னும் நாக்கில் ஏறவில்லை. அவனுக்குப் பச்சை ரப்பர் முகமூடி மாட்டிவிட்டு, அவன்தான் பேச்சு பூதம் என்று சொல்லிவைத்திருக்கிறாள். குழந்தைகள் சரியாக ஒரு வாக்கியம் சொன்னால் பூதம் பயந்து ஒடுங்கும். வகுப்பு முடிகிற நேரத்தில் லீலியா வாசலில் நின்று ஒவ்வொரு குழந்தையின் பெயரையும் வாசிக்கிறாள். அந்தந்த வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்களோ அப்படியே சொல்லப் பார்க்கிறாள். ஒவ்வொரு பெயருக்கும் அவள் நாக்கு வேறு வேறு ஊருக்குப் போய்வருகிறது. கையில் இருப்பது இன்னொரு பட்டியல். முகமூடியைக் கழற்றிவிட்டு அவன் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறான்.